எந்த ரோட்டுக்கு இந்தப் பிஸ்டன்?

வலது கட்டைவிரலின் நகம் சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழே இறங்கியது. விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் தட்டி நின்றது. பின்வாங்கி, மறுபடி அதே இடத்துக்கு வந்து, அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து முழு வட்டமும் சுற்றியது. பிறகு அடுத்த சிலிண்டர். மூன்றாவதில் நகம் நிற்கவில்லை, சிக்கிக்கொண்டது. அங்கே செங்குத்தாக ஒரு கீறல். கை வெளியே வந்து துணியில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பழைய பிஸ்டனை எடுத்துத் திருப்பியது. ரிங் உட்காரும் பள்ளத்துக்கு மேலே இருந்த அலுமினிய விளிம்பு, யாரோ பிஸ்கட்டைக் கடித்து வைத்ததுபோல் உடைந்திருந்தது.

"இது தேஞ்சு போனது இல்ல. அடி வாங்கி உடைஞ்சது," என்றாள் இர்யா.

"நான் அடிக்கல, மேஸ்திரி," என்றார் தௌனோ.

"ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச உன் கால் அடிச்சிருக்கு. கொட்டகையில போடறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பெட்ரோல் ஊத்தின?"

"பங்க்ல இருந்தது."

"அதான் தெரியுதே. அந்த சாதா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு அடிச்சிருக்கு."

இர்யாவுக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மத்திய பின்லாந்தில், முஸ்தாயார்வி என்கிற எங்கள் ஊரில், ஏரிக்கரைச் சாலை முடிகிற இடத்தில் அவளுடைய பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு டிராக்டர் எஞ்சினின் பிளாக் கிடக்கும். கோடையில் அதன் நான்கு துளைகளிலும் ஊதாப் பூக்கள் பூத்திருக்கும். அவள் முதன்முதலாகப் போர் போட்டு, அதாவது சிலிண்டர் துளைகளைக் குடைந்து பெரிதாக்கி, கெடுத்த பிளாக் அது. பழைய இரும்புக்குப் போட மனமில்லாமல் வாசலில் வைத்துக்கொண்டாள். புதிதாக வருகிற ஆள், "பூ நல்லா இருக்கே" என்று சொன்னால், "நான் கெடுத்தது" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அதற்கு முன்பு அவள் பால் பண்ணையில் இருந்தாள். வருகிற பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்து சொல்லும் வேலை. சிலிண்டர் போர் போடும் மிஷினை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தியவன் அவள் கணவன். மிஷின் வந்த மறு வருடம், எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேரைப் போல அவனும் சுவீடனுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனான். முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. மிஷின் மட்டும் நின்றது. அதை விற்றுவிட நினைத்தாள். வாங்க வந்தவன், "இது ஓடுமா?" என்று கேட்டான். ஓட்டிக் காட்டுவதற்காகக் கையேட்டை எடுத்துப் படித்தாள். படித்து முடித்தபோது விற்கும் எண்ணம் போயிருந்தது.

டிராக்டர், படகு, பனியில் ஓடும் வண்டி என்று ஆரம்பித்தது. பிறகு காட்டுச் சாலைகளில் ராலி என்கிற கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு பழைய ராலி கார் தார்ப்பாயின் கீழ் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப நினைப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இர்யாவின் வாசலுக்கு வந்தாக வேண்டும். வருகிறவர்கள் பிஸ்டன் பட்டியலை விரித்து, "இதுதான் இருக்கறதுலயே பலமானது" என்று விரல் வைப்பார்கள். இர்யா பட்டியலைப் பார்க்க மாட்டாள். "எந்த ரோட்டுக்கு?" என்று கேட்பாள். ரோட்டைச் சொல்லாதவனுக்கு அவள் பிஸ்டன் தேர்ந்தெடுத்ததில்லை.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. புதுப் பிஸ்டன் வந்ததும் அளக்க மாட்டாள். பிஸ்டன்களும் பிளாக்கும் ஒரு ராத்திரி முழுவதும் ஒரே அறையில் கிடக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் சட்டென்று விரியும், இரும்பு மெதுவாக விரியும். எங்கள் ஊர்க் குளிரில், ஒன்று காரின் ஹீட்டர் பக்கத்திலிருந்தும் மற்றது கொட்டகையிலிருந்தும் வந்தால் எந்த அளவும் பொய்தான். இரண்டும் ஒரே குளிரில் கிடந்து எழுந்த பிறகுதான் மைக்ரோமீட்டரை எடுப்பாள். "இர்யா வீட்டுல கல்யாணம் ஆகாம எதுவும் எதோடயும் சேர முடியாது" என்று ஊரில் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் மாற்றிக்கொண்டதில்லை.

தௌனோ மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் அவரும் அவர் மனைவி கெர்த்துவும் சேர்ந்து ஒரு வோல்வோ அமேசானில் ராலி ஓடினார்கள். அவர் ஓட்டுவார், கெர்த்து பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டில் எழுதிவைத்த வளைவுகளைப் படித்துச் சொல்வாள். அதே கார்தான் இப்போது எஞ்சின் இல்லாமல் அவர் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் இங்கே, இர்யாவின் மேஜைமேல்.

"மேட்டுத் தலை வச்ச பிஸ்டன் வேணும்," என்றார் தௌனோ. "நடுவுல குன்று மாதிரி இருக்குமே, அது. நல்லா அழுத்தும். வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்டும் பந்தயத்துக்கானதா ஒண்ணு போட்டுட்டா பறக்கும்."

"எந்த ரோட்டுக்கு?"

"கல்லியோமாக்கி. ஆகஸ்ட்ல பழைய கார்கள் ஓட்டம் இருக்கு."

"பக்கத்து சீட்ல யாரு?"

தௌனோ ஜன்னலைப் பார்த்தார். வெளியே அழுக்குப் பனிக் குவியலுக்குப் பக்கத்தில் அவருடைய புதுக் கார் நின்றது. உள்ளே ஓர் உருவம்.

"கெர்த்துவா அது? ஏன்யா அவள அங்கயே உக்கார வச்சிருக்க?"

"வர மாட்டேங்கிறா. கண்ணு தெரியாதவளுக்குப் பட்டறையில என்ன வேலைங்கிறா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நடுப்பார்வை போயிடுச்சு, இர்யா. ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. அது எவ்வளவு நாளுன்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கிறார். இந்தக் கோடையில ஒரு தடவையாவது அந்த ரோட்டுல அவளக் கூட்டிட்டுப் போகணும். கேட்டா மாட்டேங்கிறா. எஞ்சின் நல்லா பலமா இருந்தா, சத்தத்தக் கேட்டாலாவது ஆசை வரும்னு பாக்கறேன்."

இர்யா வெளியே போய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினாள்.

"கெர்த்து, காபி கொதிச்சிடுச்சு."

எங்கள் ஊரில் வேறு எதற்கு வேண்டுமானாலும் மாட்டேன் என்று சொல்லலாம். கெர்த்து இறங்கினாள்.

பட்டறையை ஒட்டி ஒரு சின்ன அறை. விறகு அடுப்பு, மேஜை, ஏலக்காய் பன் வைக்கிற தகர டப்பா. முதல் கோப்பை முடியும்வரை பனி உருகுவதைப் பற்றியும் ஏரிப் பனிக்கட்டியில் கார் ஓட்டி விழுந்தவனைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள். இரண்டாவது கோப்பையை ஊற்றிவிட்டு, இர்யா மாதிரிக்கு வைத்திருந்த மூன்று பிஸ்டன்களை எடுத்துவந்து கெர்த்துவின் முன்னால் வைத்தாள்.

"தொட்டுப் பாரு."

கெர்த்துவின் விரல்கள் முதலாவதைத் தொட்டன.

"இது லேசா இருக்கு. பழசு மாதிரி."

"வார்த்தது. உங்க கார்ல இருந்தது இந்த ஜாதிதான். சத்தம் போடாது. ஆனா உன் வீட்டுக்காரர் காலுக்குத் தாங்காது."

இரண்டாவதைத் தொட்டதும் கெர்த்து சிரித்தாள். "அடேயப்பா. இதுல பனிச்சறுக்கு விடலாம் போலிருக்கே."

"அதான் நான் கேக்கறது," என்றார் தௌனோ.

"நீ இன்னும் இருபத்தஞ்சு வயசுப் பையன், கிழவா. தெரியும்." அவள் மூன்றாவதை எடுத்தாள். தலை தட்டையாக, தட்டைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. சுற்றிலும் தடவினாள்.

"இதுவும் பலமானதுதான். வார்க்காம அடிச்சுச் செஞ்சது," என்றாள் இர்யா. "ஆனா தலை தட்டை. ரொம்ப அழுத்தாது. கம்மி வேகத்துலயே நல்லா இழுக்கும். மேட்டுத் தலை அப்படி இல்ல, எஞ்சின் உச்ச வேகத்துல சுத்தறப்ப மட்டும்தான் உயிரு. அங்கயே வச்சுக்க கியரை மாத்திக்கிட்டே இருக்கணும். பங்க் பெட்ரோலும் ஆகாது." பிறகு கேட்டாள்: "உனக்கு எது வேணும், கெர்த்து?"

"எனக்கா? நான் எதுக்கு? அவருதான் ஓட்டப் போறாரு."

"பக்கத்து சீட்ல நீதானே?"

"நான் வரல. நோட்டுப் படிக்க முடியாதவ அந்த சீட்ல உக்காந்தா, அது மூட்டை. இவரு கூட உருளைக்கிழங்கு மூட்டையா போக மாட்டேன். அந்த சீட்ல எனக்கு ஒரு வேலை இருந்தது, இர்யா."

"ஆமா. இவ 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் என் கால் ஆக்ஸிலரேட்டர்ல இறங்காது," என்றார் தௌனோ, இர்யாவைப் பார்த்து. "முதல் வருஷம் எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடியே அழுத்தி ஒரு பிஸ்டனை உடைச்சேன். அதுல இருந்து எஞ்சின் சூட்டைக் காட்டற முள்ளை இவ பக்கத்துல மாட்டிட்டேன். முள் ஏறினதும் 'சரி'ம்பா. அப்புறம்தான் அழுத்துவேன்."

"இப்ப அந்த முள் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றாள் கெர்த்து.

அடுப்பில் பிர்ச் கட்டை ஒன்று வெடித்தது. இர்யா கெர்த்துவின் பக்கம் திரும்பினாள்.

"ரோடு ஞாபகம் இருக்கா?"

"ரோடா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"அப்ப தெரியாதது என்ன?"

கெர்த்து கோப்பையைக் கீழே வைத்தாள். "கார் எங்க இருக்குன்னு தெரியாது. முன்னாடி பாத்து, கேட்டு, ரெண்டையும் சேத்து வச்சிருந்தேன். பாறைய வெட்டின இடத்துல சத்தம் மோதித் திரும்பி வரும். ஏரிப் பக்கம் போனா, சத்தம் போய்த் தொலைஞ்சிடும். மரத்துக்குள்ள அமுங்கிடும். இவரு மூணாம் கியர்லயே பிடிச்சு ஓட்டினதால அது தெளிவா கேக்கும். நொடிக்கு ஒரு தடவை கியர் மாத்திக்கிட்டு அலறினா, எனக்கு எஞ்சின்தான் கேக்கும். ரோடு கேக்காது."

இர்யா மேட்டுத் தலைப் பிஸ்டனை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"தட்டைத் தலை. பழைய கேம் ஷாஃப்டே இருக்கட்டும்," என்றாள்.

தௌனோ ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்தார்.

"பிஸ்டன் எதுன்னுதான் சொன்னேன்," என்றாள் கெர்த்து. "வர்றேன்னு சொல்லல."

பிஸ்டன்கள் மே மாதம் வந்தன. ஏரியில் பனிக்கட்டி போய்விட்டாலும் பட்டறை இன்னும் குளிர்ச்சிதான். மிஷின் நிற்கிற கொட்டகையில் மூச்சுவிட்டால் புகை வரும். இர்யா பெட்டியைப் பிரித்து, பிளாக்குக்குப் பக்கத்தில் வைத்து, கொட்டகையைப் பூட்டினாள். மறுநாள் தௌனோவும் கெர்த்துவும் பார்க்க வந்தார்கள். தௌனோ வெளியே விறகு பிளந்து தருகிறேன் என்று கோடரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதையாவது செய்யாமல் அவருக்கு இருப்பு கொள்ளாது.

"ஒண்ணைக் குடேன், பாக்கறேன்," என்றாள் கெர்த்து.

இர்யா முதலாவது பிஸ்டனை எடுத்துக் கொடுத்தாள். கெர்த்து அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் சால்வைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோல். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே.

"பால் கேன் மேடை தாண்டி வலது, நீளம், விடாத. நேரா நூறு மீட்டர். மேடு, மேட்டுமேல சக்கரம் தரையில இருக்காது, இறங்கறதுக்குள்ள இடது பாரு. பாறை. பாறைய ஒட்டியே போ, சத்தம் வரும். சர்ச் மணிக்கூண்டு தெரியும் இடது கையில. அங்க திரும்பாத, அது ஏமாத்தும். ஏரி. ஏரி ஓரம் இடது, இறுக்கம், இறுக்கம், இப்ப விடு…"

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. இர்யா, துளையின் சுவரை மெல்லத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் ஹோனிங் கருவியைத் தயார் செய்துகொண்டே கேட்டாள். அந்த ரோட்டை அவளும் அறிவாள்; பால் பண்ணையில் இருந்தபோது பால் லாரியில் போயிருக்கிறாள். ஆனால் இப்படி அறிந்ததில்லை. கெர்த்துவின் குரலில் மேடு ஏறியது, இறங்கியது. எல்லாம் முடிந்து, கெர்த்து மூச்சுவிட்டு, "கடைசிக் கொடி" என்றாள். சிரித்துக்கொண்டே பிஸ்டனை நீட்டினாள்.

"இந்தா. இது இனி வழி தப்பாது."

இர்யா வாங்கினாள். பிஸ்டன் கையில் வெதுவெதுவென்று இருந்தது. அப்படியே கொட்டகைக்குப் போய், மைக்ரோமீட்டரை எடுத்து, பிஸ்டனின் கீழ்ச்சுற்றை அளந்து, மெழுகு பென்சிலால் அதன் தலையில் எண்ணை எழுதினாள். அவள் மனம் இன்னும் ஏரியோரத்தின் அந்த இடது வளைவில் இருந்தது. எழுதிய எண்ணோடு வைக்க வேண்டிய இடைவெளியைக் கூட்டி, முதல் துளையை அந்த அளவுக்கு ஹோன் செய்தாள். மற்ற மூன்றையும் மறுநாளைக்கு விட்டாள். ஹோன் செய்த இரும்பு ஆறின பிறகே போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம்.

காலையில் வந்து முதலாம் பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, சுவரோரம் மெல்லிய எஃகுப் பட்டையை விட்டு, துளைக்குள் இறக்கினாள். பட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. இறுக்கமாக வர வேண்டிய பட்டை வழுக்கிக்கொண்டு வந்தது.

பிஸ்டனை வெளியே எடுத்துத் திரும்ப அளந்தாள். தலையில் எழுதியிருந்த எண்ணைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்கு குறைவு.

அவள் உட்கார்ந்துகொண்டாள். அடுப்பு, சால்வை, கெர்த்துவின் கை. முப்பது வருடமாக ஊர்ப் பிஸ்டன்களையெல்லாம் பிளாக்கோடு கல்யாணம் பண்ணிவைத்தவள், கையில் சூடு தெரிந்தும் அளந்திருக்கிறாள். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. வெளியே வாசலில் டிராக்டர் பிளாக்கில் இன்னும் பூ நடவில்லை. துளைகளில் மழைத்தண்ணீர் நின்றது.

போன் செய்யவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, பிஸ்டனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நேராக அவர்கள் வீட்டுக்குப் போனாள். காபி வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். அதிலிருந்தே தௌனோவுக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"ஒண்ணாம் நம்பர் துளையைக் கெடுத்துட்டேன். பெருசாக்கிட்டேன்."

"யாரு?"

"நான்தான். வேற யாரு இருக்கா என் பட்டறையில?"

கெர்த்து கையை நீட்டினாள். இர்யா பிஸ்டனைக் கொடுத்தாள்.

"என் மடியில இருந்ததாலயா?" என்றாள் கெர்த்து மெதுவாக.

"இல்ல. என் கையில இருந்ததால. சூடு எனக்குத் தெரிஞ்சது. நான்தான் யோசிக்கல."

"நானும் ரோட்டைச் சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்."

"நல்லா சொன்ன," என்றாள் இர்யா. "அதனால இல்ல. அளக்கறது என் வேலை."

தௌனோ ஜன்னல் பக்கம் போய் நின்றார். "சரிபண்ண முடியுமா?"

"முடியும். அடுத்த சைஸ்ல புதுசா நாலு வாங்கி, நாலு துளையையும் பெருசாக்கணும். செலவு என்னுது. ஆனா பிஸ்டன் செய்யற இடத்துல வரிசை இருக்கு, ஜூலை முழுக்க லீவு. செப்டம்பருக்கு முன்னாடி வராது."

ஓட்டம் ஆகஸ்டில்.

"இன்னொரு வழியும் இருக்கு. அதை நான் பொதுவா சொல்ல மாட்டேன்," என்றாள் இர்யா. "இப்படியே மாட்டலாம். அடிச்சுச் செஞ்ச பிஸ்டனுக்கு இந்த இடைவெளியில ஆபத்து இல்ல. பந்தயத்துக்கு இதைவிட லூஸா விடறவங்க இருக்காங்க. ஓடும், உடையாது. ஆனா குளிர்ந்திருக்கறப்ப அந்த ஒண்ணு மட்டும் சுவத்துல தட்டும். சூடாகி விரிஞ்சதும் அடங்கிடும். எனக்கு அது பிடிக்கல. காது நல்லா இருக்கற யாருக்கும் பிடிக்காது."

"காது நல்லா இருக்கறது நான்தான்," என்றாள் கெர்த்து. "கேக்காம எப்படிச் சொல்றது? மாட்டு. கேட்டுச் சொல்றேன்."

"பிடிக்கலைன்னா செப்டம்பர்ல கழட்டிடறேன்."

"அப்ப காபி வைக்கலாமா?" என்றார் தௌனோ ஜன்னலைப் பார்த்தபடியே.

அதன் பிறகு இர்யா அந்த எஞ்சினில் செய்ததை எல்லாம் இரண்டு தடவை செய்தாள். மற்ற மூன்று துளைகளையும் அவளுடைய முறைப்படி, இரண்டு ராத்திரி ஒரே அறையில் கிடத்திவிட்டு அளந்து முடித்தாள். நான்கு பிஸ்டன்களையும் நிறுத்து, கனமாக இருந்ததை உட்புறம் மட்டும் அரத்தால் தேய்த்து, நான்கும் ஒரே எடைக்கு வரும்வரை விடவில்லை. ஒவ்வொரு ரிங்கையும் அதன் துளைக்குள் தனித்தனியே வைத்து, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தாள். தலையில் உள்ள அம்புக்குறி முன்பக்கம் பார்க்கும்படி ஒவ்வொன்றாக இறக்கினாள். முதலாவதை இறக்கும்போது அதன் தலையிலிருந்த மெழுகு எண்ணைத் துடைக்கத் துணியை எடுத்து, துடைக்காமலே இறக்கிவிட்டாள். எப்படியும் எரிந்து போய்விடும் என்று நினைத்திருக்கலாம். ஏன் என்று அவள் சொன்னதில்லை.

ஜூலை கடைசியில் எஞ்சின் அமேசானுக்குள் போனது. காரைப் பட்டறை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். காலை நேரம், புல்லில் ஈரம். பானெட் திறந்திருந்தது. தௌனோ சீட்டில் உட்கார்ந்தார். கெர்த்து முன் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இர்யா கையைக் கட்டிக்கொண்டு எஞ்சினைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போடு," என்றாள்.

எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. அதோடு அதுவும் வந்தது. டக், டக், டக். முன்பக்கத்திலிருந்து, ஒரே ஒரு சிலிண்டரிலிருந்து, யாரோ மரக்கதவை விரல் முட்டியால் தட்டுவதுபோல்.

இர்யாவின் முகம் இறுகியது.

"காலைல எந்திரிக்கறப்ப என் முழங்கால் இப்படித்தான் பேசும்," என்றார் தௌனோ சத்தமாக.

"சும்மா இரு, கிழவா."

கெர்த்து தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். பார்வை எங்கேயோ ஓரத்தில், பிர்ச் மரங்களின் வெள்ளையில் இருந்தது. தட்டல் தொடர்ந்தது. பிறகு மெலிந்தது. நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத் தட்டியது. மறுபடி இரண்டு தட்டல், இடைவெளி, ஒரு தட்டல். பிறகு எஞ்சின் மட்டும் இருந்தது. வட்டமான, தாழ்ந்த ஒரே குரல், நான்கும் சேர்ந்து.

கெர்த்து மட்கார்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முள் எங்க இருக்கு?"

தௌனோ குனிந்து, காலியாக இருந்த பக்கத்து சீட்டுக்கு முன்னால் மாட்டியிருந்த அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏறிடுச்சு," என்றார். "இப்பதான். சரியா நீ எப்பவும் சொல்ற இடத்துல நிக்குது."

கெர்த்துவின் உதடு அசைந்தது.

"சரி," என்றாள்.

தௌனோ யோசிக்கவில்லை. அவர் கால் தானாக இறங்கியது. எஞ்சின் எழுந்து, சத்தம் ஏரிமேல் போய், அக்கரைப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அது வருகிற பக்கம் கெர்த்து முகத்தைத் திருப்பினாள்.

"கேட்டுச்சா?" என்றாள் இர்யாவிடம். "அங்க பாறை இருக்கு."

"இருக்கு," என்றாள் இர்யா.

அவள் எட்டி எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்தாள். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துச் சாவியின் இரண்டு பக்கமும் துடைத்தாள். தௌனோ ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"செப்டம்பர்ல கழட்டவா?" என்று கேட்டாள் இர்யா.

"அதைத் தொட்ட, உன் வீட்டுக்குக் காபிக்கு வர மாட்டேன்," என்றாள் கெர்த்து. "அந்தத் தட்டல் இல்லாம, எஞ்சின் சூடானது எனக்கு எப்படித் தெரியும்? ஆகஸ்ட்ல 'சரி' எப்படிச் சொல்றது?"

இர்யா தௌனோவின் நீட்டிய கையைத் தாண்டி நடந்து, காரைச் சுற்றி வந்து, கெர்த்துவின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.